ஆஃபர் லெட்டரில் ஏ.ஐ. டூல்: கையெழுத்துப் போடும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகள் வெட்டூர்ணிமடத்திலிருந்து வந்தாள். போனில் ஒரு ஆஃபர் லெட்டர். "மாமா, சம்பளத்தோட வருஷம் 48,000 ரூபாய்க்கு ஏ.ஐ. டூலும் தாறாங்களாம். மாசம் நாலாயிரம் லாபந்தானே?"

வாங்கிப் படித்தேன். சி.டி.சி., அதாவது கம்பெனி ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஒதுக்கும் மொத்தச் செலவு, 4,80,000. அதைப் பிரித்துக் காட்டிய பட்டியலில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), வீட்டு வாடகைப்படி, பி.எஃப்., அவற்றுக்குக் கீழே 'ஏ.ஐ. பெனிஃபிட் 48,000' என்று ஒரு வரி. "மக்ளே, இது சம்பளத்துக்கு மேல தாறது இல்ல. சம்பளத்துக்குள்ள இருந்தே எடுத்துத் தாறது" என்றேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலம் வரை இருவரும் உட்கார்ந்து அந்த ஒரே வரியைத்தான் பிரித்துப் பார்த்தோம்.

நாகர்கோவிலில் சில அலுவலகங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்த மாதிரி வரிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. டவுனில் இருக்கும் சின்ன ஐ.டி. கம்பெனி, மெடிக்கல் கோடிங் செய்யும் இடம், வீட்டிலிருந்தே பெங்களூருக்கு வேலை பார்க்கும் தக்கலைப் பையன், காலை ரயிலில் கழக்கூட்டம் டெக்னோபார்க் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் அவளுக்குச் சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கு வேண்டிய கருவியை வாங்கித் தருவது முதலாளியின் செலவு. அதைச் சம்பளம் என்று எண்ணிக் காட்ட விடக் கூடாது.

படி 1: அந்த வரி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

லெட்டரோடு வரும் சம்பளப் பட்டியலை எடுங்கள். ஏ.ஐ. வசதி மூன்று விதமாக வரும். சி.டி.சி. கூட்டுத்தொகைக்குள் ஒரு வரியாக இருந்தால், அந்தத் தொகை உங்கள் கைக்கு வரும் பணத்தைக் குறைத்து ஒதுக்கப்பட்டது. பட்டியலுக்கு வெளியே, லேப்டாப், ஐ.டி. கார்டு மாதிரி 'நிறுவனம் வழங்கும்' என்று இருந்தால் நல்லது. மூன்றாவது, நீங்கள் உங்கள் கார்டில் கட்டி, பில் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது.

இதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். "இந்த டூல் எனக்கு வேண்டாம் என்றால் அந்தப் பணம் சம்பளத்தில் சேருமா?" என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சேரும் என்றால் அது உங்கள் பணம். சேராது, ஆனால் சி.டி.சி.யில் எண்ணுவோம் என்றால், இன்னொரு கம்பெனியின் லெட்டரோடு ஒப்பிடும்போது அந்த வரியை அடித்துவிட்டு ஒப்பிடுங்கள். அக்கா மகளுக்கு உண்மையான எண் 4,32,000. நெய்யாற்றின்கரைப் பக்கம் இன்னொரு இடத்தில் 4,50,000க்குக் கூப்பிட்டிருந்ததை அவள் 'குறைவு' என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

மூன்றாவது வழியில் பில் போடுகிறவர்கள் சில சின்ன விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பல டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். பேங்க் ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். டாலரில் கட்டினால் பேங்க் தனியாக மாற்றுக் கட்டணம் பிடிக்கும். அதையும் கம்பெனி தருமா என்று கேட்க வேண்டும். பில் உங்கள் பெயரில் இருந்தால் அதிலுள்ள 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கம்பெனி தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எடுக்க முடியாது. ஆகவே கம்பெனி நேரடியாக வாங்குவதே அவர்களுக்கும் லாபம். பேசும்போது இது உங்கள் பக்கம் நிற்கும் நல்ல காரணம்.

படி 2: கடையில் அது என்ன விலை?

லெட்டரில் போட்டிருக்கும் தொகையை நம்பாமல், அந்த டூலின் விலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சாட்ஜிபிடி 2025 ஆகஸ்ட்டில் இந்திய ரூபாயில் விலை வைத்தபோது 'கோ' மாதம் 399, 'பிளஸ்' மாதம் 1,999. பிளஸ்ஸை வருடம் முழுக்கக் கட்டினாலும் 24,000 ரூபாய்க்கு 12 ரூபாய் குறைவு. அக்கா மகளின் லெட்டரில் டூலின் பெயரே இல்லை. தொகை மட்டும் 48,000. அவள் போனில் கேட்டபோது சொன்னது பிளஸ் மாதிரியான ஒரு தனிநபர் பிளான். மீதி 24,000 எங்கே என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி புரோவை ஓராண்டு இலவசமாகத் தந்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, அன்லிமிடெட் 5ஜி பிளான் வைத்திருப்பவர்களுக்கு ஜெமினியின் கட்டண பிளானை 18 மாதம் இலவசமாக அறிவித்தது. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோவும் இந்தியாவில் ஓராண்டு இலவசமானது. சிம் கார்டோடு சும்மா வந்த ஒன்றைச் சம்பளத்தில் பல ஆயிரம் என்று எழுதியிருந்தால், அங்கேயே பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்கலாம்.

நேர்மையாகச் சொன்னால், விலை கூடிய டூல்களும் உண்டு. கம்ப்யூட்டர் புரோகிராமைத் தானே எழுதும் ஏ.ஐ. ஏஜென்ட்களை நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு மாதம் 100 டாலர், 200 டாலர் பிளான்கள் இருக்கின்றன. பயன்பாட்டுக்கு ஏற்ப டோக்கன் (எழுத்தை டூல் உடைத்து எண்ணும் சிறு துண்டு) கணக்கில் கட்டினால் அதையும் தாண்டும். அப்படி ஒன்றைக் கம்பெனி தனியாகத் தந்தால் அது பெரிய வசதிதான். உங்கள் கையிலிருந்து கட்ட முடியாத கருவியில் பழகக் கிடைக்கும் வாய்ப்புக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அதை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

படி 3: சட்டம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே ஒரு விளக்கம் இருந்தது. முதலாளி அளிக்கும் சேவைகளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய அரசு அனுமதிக்கலாம். ஆனால் வேலைக்குத் தேவையான கருவிகளையும் மூலப்பொருள்களையும் தருவது அந்தச் 'சேவை'க்குள் வராது. அதாவது நெசவாளிக்குத் தறியும் நூலும் தந்துவிட்டு அதற்குக் காசு பிடிக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கருத்து தொடர்கிறது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களோடு நின்றது. புதியது எல்லா ஊழியருக்கும் பொருந்தும். சாஃப்ட்வேர் லாகினும் 'கருவி'தானா என்று வக்கீல்கள் வாதாடலாம். என்னைக் கேட்டால், அது இல்லாமல் வேலை நடக்காது என்று கம்பெனியே சொல்லும்போது அது கருவிதான்.

கம்பெனிகள் பெரும்பாலும் 'பிடித்தம்' என்று எழுதுவதில்லை. சி.டி.சி.க்குள் ஒரு பெனிஃபிட்டாக நுழைத்துவிடுகிறார்கள். அதன் பாதிப்பு பேசிக்கில் தெரியும். மாதம் 40,000 என்று வைத்து அதில் பாதி பேசிக் என்றால் 20,000. நாலாயிரத்தை ஏ.ஐ.க்கு ஒதுக்கிவிட்டு மீதி 36,000த்தில் பாதி என்றால் 18,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கு, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 26 நாளுக்கு 15 நாள் வீதம், பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குவது. பேசிக்கை மட்டும் ஊதியமாக வைத்தால், ஐந்து வருடத்துக்கு முதல் கணக்கில் 57,692 ரூபாய், இரண்டாவதில் 51,923. பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பில் மாதம் 1,800 என்று நிறுத்தியிருந்தால் அதில் வித்தியாசம் வராது. முழு பேசிக்குக்கும் பிடிக்கிற இடமென்றால் மாதம் 240 ரூபாய் உங்கள் பக்கமும் 240 முதலாளி பக்கமும் குறையும். அடுத்த வருட இன்கிரிமென்ட் சதவீதமும் இந்தச் சிறிய எண்ணின் மேல்தான் ஏறும். வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்க் மேனேஜர் பார்ப்பதும் கைக்கு வரும் சம்பளத்தைத்தான்.

புதிய தொகுப்பில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஊதியம் அல்லாத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே எண்ணப்படும். ஊதியத்துக்குப் பதில் பொருளாகத் தந்தால், மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்தைத் தாண்டாத அளவு மதிப்புதான் ஊதியமாகக் கணக்கில் வரும். வேலையின் தன்மையால் வரும் தனிச் செலவை ஈடுகட்டத் தரும் பணம் ஊதியமே ஆகாது. இந்தக் கடைசி வரிதான் நமக்கு உதவுவது: ஏ.ஐ. செலவை அந்தத் தலைப்பில் சம்பளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள முதலாளிக்கு வழி திறந்தே இருக்கிறது.

வருமான வரி பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. கம்பெனி வாங்கி, கம்பெனி வேலைக்குத் தரும் லாகின் உங்கள் வருமானம் ஆகாது. 'ஏ.ஐ. அலவன்ஸ்' என்று ரொக்கமாகத் தந்தால் அது சம்பளத்தோடு சேரும். புதிய வரி முறையில் 75,000 நிலைக்கழிவையும் சேர்த்து 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி வராது என்பதால் நம் பிள்ளைகளில் பலருக்கும் இது பிரச்சினையே இல்லை.

படி 4: லாகின் யார் பெயரில்?

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரே ஒரு லாகினை ஆறு பேர் பயன்படுத்துவதைப் பார்த்தேன். ஓ.டி.பி. முதலாளியின் போனுக்கு வரும்; அவர் கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போனால் ஆறு பேரும் காத்திருப்பார்கள். அதைவிடச் சங்கடம், ஒருத்தி கேட்டதை மற்ற ஐந்து பேரும் படிக்கலாம். வேலைக் கேள்விகளுக்கு நடுவே தன் உடல்நிலை பற்றி ஒரு பெண் கேட்டிருந்தாள். ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. பல டூல்களின் விதிகளும் ஒரு கணக்கைப் பலர் பகிர்வதைத் தடுக்கின்றன.

ஆகவே கேட்க வேண்டியது இது: எனக்கென்று தனி லாகினா? கம்பெனி மெயிலிலா? நான் கேட்பதை அட்மின் பார்க்க முடியுமா? பார்க்க முடியும் என்றால் அதில் தப்பில்லை, ஆனால் முன்பே சொல்லிவிட வேண்டும். கம்பெனிக் கணக்கில் கம்பெனி வேலை மட்டும் செய்யுங்கள். சொந்தக் கேள்விகளுக்குச் சொந்தப் போனில் இலவசக் கணக்கு போதும்.

படி 5: அளவு போதுமா என்று உண்மையான வேலையில் பாருங்கள்

'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். எல்லாப் பிளானுக்கும் ஏதோ ஒரு வரம்பு உண்டு. இரண்டு வாரம், நீங்கள் தினமும் செய்யும் வேலையிலேயே வைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு வரம்பு முடிகிறது, எதைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் நேரத்தையும் கழிக்காமல் 'நேரம் மிச்சம்' என்று எழுதினால் அந்தக் கணக்கு உங்களையே பிறகு கடிக்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த டூல்கள் எழுத்தை டோக்கன்களாக உடைத்து எண்ணுகின்றன. தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் செலவாகும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு தமிழ் மாதிரி வாக்கியம் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 24. நிலைமை நன்றாக மாறியிருக்கிறது, இருந்தாலும் இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், தமிழ் விளம்பரம், டி.டி.பி. வேலை பார்க்கிறவர்கள் டோக்கன் கணக்கில் ஒதுக்கீடு வாங்கினால், ஆங்கிலத்தில் எழுதும் சக ஊழியருக்குச் சமமான தொகை உங்களுக்குச் சமமாகாது. இதைச் சொல்லிக் கூடுதலாகக் கேளுங்கள்.

படி 6: எதை உள்ளே போடக் கூடாது?

2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனி சாஃப்ட்வேரின் மூலக் குறியீட்டை சாட்ஜிபிடியில் ஒட்டியதால், அந்த மே மாதமே சாம்சங் அத்தகைய டூல்களுக்குத் தடை போட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்தது. தனிநபர் பிளான்களில் நீங்கள் எழுதுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு திறந்திருக்கலாம். செட்டிங்ஸில் போய் மூட வேண்டும். நிறுவனப் பிளான்களில் பெரும்பாலும் அது தொடக்கத்திலிருந்தே மூடியிருக்கும். இதுவும் கம்பெனி நேரடியாக வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்.

நோயாளியின் பெயரோடு உள்ள ரெக்கார்டு, ஆடிட்டர் ஆபீஸில் வரும் பான் நம்பர், வாடிக்கையாளரின் பேங்க் ஸ்டேட்மென்ட் இவற்றை எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எந்த டூலிலும் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்களுக்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. அந்த அபராதம் உங்கள் மேல் வராது என்றாலும், பழி உங்கள் மேல் வரலாம். "எந்த வகைத் தரவை இதில் போடலாம்?" என்று ஒரு மெயில் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: டார்கெட் பற்றி இப்போதே பேசுங்கள்

எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது இதுதான்.

குளச்சலிலோ முட்டத்திலோ கடலுக்குப் போய் வந்த வள்ளத்தின் கணக்கைப் பாருங்கள். மீன் விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு, ஐஸ், படி எல்லாம் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆள்களுக்கு ஒரு பங்கு. எண்ணெய்ச் செலவில் ஆளும் பங்கெடுக்கிறான். ஆனால் நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்த அன்று அந்த மிகுதியிலும் அவனுக்குப் பங்கு உண்டு. செலவில் பங்கு கேட்டால் வரவிலும் பங்கு தர வேண்டும் என்பது நம் கடற்கரையில் யாரும் எழுதி வைக்காமலே நடக்கும் நியாயம்.

ஏ.ஐ. டூலைச் சம்பளத்தில் எழுதும் கம்பெனி எண்ணெய்ச் செலவை மட்டும் ஊழியர் தலையில் வைக்கிறது. டூல் வந்ததும் ஒரு நாளைக்கு 20 ஃபைல் என்ற டார்கெட் 30 ஆகிவிடும். மிச்சமான நேரம் முழுக்க முதலாளிக்கு. ஆகவே சேரும்போதே கேளுங்கள்: டூல் தந்ததால் டார்கெட் மாறுமா? மாறினால் எத்தனை மாதம் கழித்து, எதை வைத்து? டார்கெட்டைத் தாண்டியதற்கு இன்சென்டிவ் உண்டா? டூல் தப்பாகச் சொன்னதைப் பிடித்துத் திருத்தும் நேரம் வேலை நேரமாக எண்ணப்படுமா? டூல் வேலை செய்யாத நாளில் டார்கெட் என்ன? வாயால் சொன்னால் போதாது. மேனேஜர் மாறினால் வாக்கும் மாறும்.

முதலாளிகளுக்கு

தோவாளையில் பூ அனுப்புகிறவர், முந்திரி ஏற்றுமதி செய்கிறவர், ஜெராக்ஸ் கடையோடு டி.டி.பி. வைத்திருப்பவர் என்று சின்னதாக ஆள் வைத்து நடத்துகிறவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். நிறுவனப் பிளானை உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்குங்கள், வரி வரவு கிடைக்கும். ஆளுக்கு ஒரு லாகின் கொடுங்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு மணி நேரம் பழக விடுங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாயைச் சம்பளத்தில் எழுதி மிச்சம் பிடிப்பதால் கிடைப்பதைவிட, "அண்ணாச்சி தனியா வாங்கித் தந்தாரு" என்று ஆள்கள் சொல்வதில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம்.

படி 8: போகும் நாளை வரும் நாளிலேயே பாருங்கள்

சில லெட்டர்களில், ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் டூலுக்கும் பயிற்சிக்கும் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். 'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், முன்னதாக விலகியவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டை (ஒப்பந்தப் பத்திரத்தை) உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனவே அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் உண்மையான பில் தொகைக்கு மேல் போகாது, மாதா மாதம் குறையும் என்று எழுத வையுங்கள்.

வேலையில் நீங்கள் உருவாக்கும் பிராம்ப்ட் (டூலுக்கு எழுதும் கட்டளை), டெம்ப்ளேட் எல்லாம் கம்பெனியின் சொத்தாகவே போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். கற்றுக்கொண்டது உங்களோடு வரும், ஃபைல் வராது. விலகும் கடைசி நாளில் லாகின் மூடிவிடும் என்பதால், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு மெயில் போன்ற உங்களுக்குச் சொந்தமானவற்றை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்ப வேண்டிய மெயில்

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இதுதான், அக்கா மகள் அனுப்பியதும் இதையே: "ஆஃபருக்கு நன்றி. சேர விருப்பமாக இருக்கிறேன். ஏ.ஐ. டூல் வேலைக்கான கருவி என்பதால் அதை சி.டி.சி.க்கு வெளியே, நிறுவனம் வழங்கும் வசதியாகக் காட்டி, 48,000 ரூபாயை பேசிக்கை மையமாக வைத்து மறுபடி பிரித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டூலின் பெயர், பிளான், தனி லாகின், டார்கெட் விதி, விலகும்போது திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை எழுத்தில் உறுதிப்படுத்தவும்." கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. போனில் பேசினாலும், பேசி முடித்ததும் பேசியதை மெயிலில் போட்டுவிடச் சொன்னேன்.

புதன்கிழமை பதில் வந்தது. டூல் லெட்டரின் தனி இணைப்புப் பக்கத்துக்குப் போய்விட்டது, பெயரும் பிளானும் எழுதியிருந்தார்கள். 48,000இல் 30,000 சம்பளத்துக்குள் திரும்பி வந்தது, அதில் பாதி பேசிக்கில். டார்கெட் முதல் ஆறு மாதம் மாறாது என்று ஒரு வரி. திருப்பிக் கட்டும் விதியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு இரண்டாவது மெயிலை நேற்று ராத்திரி அவளே எழுதி, அனுப்பும் முன் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.